அன்டிபயோட்டிக் எடுக்காமல் நான் செத்த கதை

நான் ஒருமுறை செத்திருக்கிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. நம்பாதவர்கள் கிண்ணியாப் பக்கம் போய், கொஞ்சம் நரைத்த எந்த ஓட்டோக்காரரிடமும் கேட்டுப் பார்க்கலாம். தான் செத்த பிறகு ஊர் தன்னைப் பற்றி என்ன கதைக்கும் என்று அறிய ஆசைப்படாத மனிதர் இல்லை. எனக்கு அந்த ஆசை உயிரோடு இருக்கும்போதே நிறைவேறியது. ஓட்டோவின் பின்சீற்றில் இருந்து முழுவதையும் கேட்டேன். வேறு யாருக்கும் இந்த அனுபவத்தைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

அப்போது எனக்குக் கலியாணமும் புதுசு, வேலையும் புதுசு, கொள்கை அதைவிடப் புதுசு. வீடு திருகோணமலை டவுணில். வேலை, துறைமுகத்துக்கு அந்தப் பக்கம், கிண்ணியாவையும் தாண்டிப் போகிற வீதியில் ஒரு சின்ன அரசாங்க ஆஸ்பத்திரியில். எனக்குக் கிடைத்தது ஓபிடி, அதாவது வெளிநோயாளர் பிரிவு. ஒரு மேசை, ஒரு கதிரை, வாசலில் இருந்து கேற் வரைக்கும் ஒரு வரிசை. வருகிறவர் கதிரையில் முழுதாக இருக்க முன்னமே மருந்துத் துண்டு எழுதி முடித்தால்தான் மத்தியானச் சோறு சூட்டோடு கிடைக்கும். மூக்கொழுகித் தடிமன் என்று வருகிறவருக்கு அன்டிபயோட்டிக் எழுத ஒரு மூச்சு போதும். இது வைரஸ், தானே மாறும், அன்டிபயோட்டிக் இதற்கு வேலை செய்யாது என்று விளங்கப்படுத்த ஒரு காலைப்பொழுது வேண்டும். அதனால் எனக்கு முன்னிருந்தவர்கள் எல்லாரும் எழுதினார்கள். சனமும் அதற்காகவே வந்தது.

வாங்கிய குளிசையை யாரும் முழுதாக முடிப்பதில்லை. இரண்டு நாளில் சுகம் தெரிந்தால் மிச்சம் அலுமாரிக்குப் போய்விடும். பிறகு பக்கத்து வீட்டுக்கு இருமல் வந்தால் அங்கே போகும். காலில் மீன்முள் குத்தினால் கப்சூலை உடைத்துத் தூளைப் புண்ணில் கொட்டுவார்கள். கோழி தூங்கி விழுந்தால் அதே தூளைக் கஞ்சியில் கரைத்துக் கோழிக்குப் பருக்குவார்கள். (நான் அறிந்தவரை அந்தப் பகுதியில் முழுக் கோர்ஸையும் ஒழுங்காக முடித்தது கோழிகள் மட்டும்தான்.)

இதில் எனக்கு ஏன் இவ்வளவு சூடு என்று கேட்பீர்கள். நான் பயிற்சி டொக்டராக இருந்த காலத்தில் ஒரு மனிதர் சலத்தில், அதாவது சிறுநீரில், சாதாரணக் கிருமியோடு வார்டுக்கு வந்தார். ஒன்றன்பின் ஒன்றாக மருந்து ஏற்றினோம். ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கிருமி எங்களிடம் இருந்த எல்லா மருந்தையும் எங்கேயோ ஏற்கெனவே சந்தித்திருந்தது. அவருடைய மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேற மருந்து எழுதுங்கோ தம்பி, எங்கயாவது போய் வாங்கிக்கொண்டு வாறன்" என்று கெஞ்சினா. எழுதுவதற்கு வேறு மருந்து இல்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

ஆகவே நான் எழுதமாட்டேன் என்று முடிவெடுத்தேன். வரிசை முறுமுறுத்தது. சிலர் என் அறையில் இருந்து எழும்பி, மதிலுக்கு அங்கால் இருந்த தனியார் டிஸ்பென்சரிக்கு நேரே நடந்தார்கள். அதை வைத்திருந்தவரை எல்லாரும் டிஸ்பென்சரி ஐயா என்பார்கள். யார் வந்தாலும் என்ன வருத்தம் என்றாலும் சிவப்பும் கறுப்புமாகக் கப்சூல்களைக் கடதாசிப் பைக்குள் எண்ணிப்போட்டுக் கொடுப்பார். முகம் நிறையச் சிரிப்பார். என்னைக் கண்டால் இன்னும் கொஞ்சம் கூடச் சிரிப்பார்.

முழு ஊரிலும் என்னை நம்பிய ஒரே ஆள் ஹாஜரா. கணவன் கடலுக்குப் போகிறவர். நாலைந்து வயது மகன் பாஹிமை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தா. பிள்ளைக்கு மூக்கு ஓடியது, இருமல் இருந்தது, கண்ணில் குறும்பு குறையவில்லை. நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தேன். சுத்தம்.

"மருந்து வேணாம். தண்ணி நிறையக் குடுங்கோ, காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் குடுங்கோ. ஒரு கிழமையில மாறும்."

"அன்டிபயோட்டிக் தரமாட்டீங்களா டொக்டர்? எல்லாரும் தாராங்களே."

நான் பேனையை மூடி வைத்துவிட்டு விளங்கப்படுத்தினேன். தேவையில்லாமல் கொடுத்தால் இவன் உடம்பில் இருக்கிற கிருமிகள் அந்த மருந்துக்குப் பழகிவிடும், பிறகு உண்மையாகத் தேவைப்படுகிற நாளில் மருந்து வேலை செய்யாது என்றேன். பின்னால் வரிசை என்னைச் சபித்தது. ஹாஜரா கேட்டுக்கொண்டே இருந்தா.

"அப்ப, இத இவனுக்குச் சேத்து வெக்கிற மாதிரி" என்றா.

எனக்குக் கட்டிப்பிடித்து அழவேண்டும்போல் இருந்தது. (அரசாங்க ஆஸ்பத்திரியில் அதற்கு இடமில்லை.) ஒரு கிழமை கழித்து பாஹிம் நல்ல சுகத்தோடு, மூக்குச் சிந்தாமல், என் மேசையின் கீழ் புகுந்து ஓடினான். தாய் ஒரு முட்டி எருமைத்தயிர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனா. அதற்குப் பிறகு தன் தெருவில் இருந்த பெண்களை ஒவ்வொருவராகக் கூட்டிவந்து, "இந்த டொக்டர் சொல்றதக் கேளுங்க" என்று முன்னால் இருத்தினா. அந்தப் பிள்ளைக்குத் தேவைப்படுகிற நாளில் மருந்து வேலை செய்யவேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். பெரிய புரட்சி ஒன்றும் இல்லை.

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் நான் சாகாமல் தப்பியிருப்பேன். ஆனால் டவுணில் ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். கொழும்பில் இருந்து வந்த ஒருவர் சொன்னார், வெளிநாடுகளில் டொக்டர்மார் தங்கள் படத்தையும் கையெழுத்தையும் போட்டு, 'தேவையில்லாமல் அன்டிபயோட்டிக் எழுதமாட்டேன்' என்று ஓர் உறுதிமொழியை அறைக்குள் தொங்கவிடுகிறார்களாம், அதைப் பார்த்த நோயாளிகளும் வற்புறுத்துவதில்லையாம், டொக்டருக்கும் எழுதக் கை கூசுமாம். அவர் சொன்னது அறைக்குள் ஒரு படம். நான் விளங்கிக்கொண்டது ஊர் முழுக்க என் படம்.

அச்சகத்துக்குப் போனேன். அச்சகக்காரர் கலியாணத்துக்கும் அடிப்பார், தேர்தலுக்கும் அடிப்பார். ஆனால் அவருக்கு வருடம் முழுக்கச் சோறு போட்டவர்கள் செத்தவர்கள்தான்.

"படம் நடுவில வரட்டோ டொக்டர்?"

"ஓம்."

"சுத்திவர ஒரு தடிச்ச கரை போட்டால் எடுப்பாயிருக்கும்."

"போடுங்கோ."

"கலர் மெசின் பழுது. கறுப்பு வெள்ளையில அடிப்பம். கம்பீரமாயிருக்கும்."

"சரி."

"ரெண்டு பக்கமும் வெறுமையாக் கிடக்கு. ஏதாவது வைப்பமோ?"

"உங்களுக்குத் தெரியாததோ அண்ணை, நீங்களே பாத்து வையுங்கோ."

அவர் தனக்குத் தெரிந்ததை வைத்தார். இரண்டு குத்துவிளக்கு.

படத்தின் கீழ் என் பெயரும் கையெழுத்தும். அதன்கீழ் நானே இரவிரவாக யோசித்து எழுதிய வாசகம்: 'தடிமனுக்கும் சாதாரண இருமலுக்கும் அன்டிபயோட்டிக் எழுதமாட்டேன். எனக்கே வந்தாலும் எடுக்கமாட்டேன். இது உறுதி.' அந்த இரண்டாவது வரி கொழும்புக்காரர் சொன்னதல்ல, என் சொந்தக் கற்பனை. இது மூன்று மாதத் திட்டம் என்பதால் ஒரு பக்கம் 'ஆரம்பம்' என்று ஒரு திகதியும் மறுபக்கம் 'நிறைவு' என்று ஒரு திகதியும் போடச் சொன்னேன். அடிக்க முன்னம் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். என் கண் படத்தை விட்டு அசையவில்லை. தலைமயிர் அவ்வளவு அழகாக வந்திருந்தது.

போஸ்டர்க் கட்டை ஆஸ்பத்திரி உதவியாளர் கனகு அண்ணையிடம் கொடுத்து, "சனம் நிண்டு வாசிக்கிற இடமெல்லாம் ஒட்டுங்கோ" என்றேன். அவர் சொன்ன வேலையைச் சொன்னபடி செய்கிறவர். எங்கள் பக்கத்தில் சனம் நின்று வாசிக்கிற சுவர்கள் எவையென்று அவருக்குத் தெரியும். மரண அறிவித்தல் ஒட்டுகிற சுவர்கள்தான் அவை. பஸ் நிலையம், மீன் சந்தை, ஐஸ் கட்டி விற்கிற இடம், இறங்குதுறை, கோயிலடிச் சந்தி என்று ஒன்றும் விடாமல் ஒட்டினார். பழைய அஞ்சலிகளின் மேலேயே ஒட்டினார். ஒட்டி முடித்துவிட்டு, ஈச்சிலம்பற்றில் தங்கச்சி வீட்டுக்குத் திருவிழாவுக்குப் போய்விட்டார்.

அன்று பின்னேரமே எனக்குத் தொண்டை நொந்தது. அடுத்த நாள் காய்ச்சல், மூக்கு, இருமல் எல்லாம் ஒரு குடும்பமாக வந்து இறங்கின. ஓபிடியில் முழு ஊரும் என் முகத்துக்கு நேரே இருமினால் வேறென்ன வரும்? பௌர்ணமிப் போயா லீவும் சனி ஞாயிறும் சேர்ந்து வந்ததால் வீட்டிலேயே படுத்தேன். கொள்கைப்படி கொத்தமல்லித் தண்ணி குடித்தேன். குரல் முழுதாக அடைத்துவிட்டது. ரெலிபோன் அடித்தால் மனைவி சுகந்திதான் எடுப்பாள். "அவரால கதைக்க ஏலாது, படுத்திருக்கிறார்" என்று சோர்ந்த குரலில் சொல்லி வைப்பாள். (இரவு முழுக்க என் இருமலைக் கேட்டவளின் குரல் வேறெப்படி இருக்கும்?)

ஆஸ்பத்திரியில் விசாரித்தவர்களுக்கு நேர்ஸ் ரீற்றா மிஸ் உண்மையைத்தான் சொன்னா: "டொக்டருக்குச் சுகமில்லை." அங்கேதான் எல்லாம் முடிந்தது. எங்கள் ஊரில் யாரும் யாரிடமும் 'செத்துப்போனார்' என்று நேரே சொல்வதில்லை. 'கொஞ்சம் சுகமில்லை' என்பார்கள். கேட்டவர் உடனே வேட்டியை மாற்றிக்கொண்டு வெளிக்கிடுவார். ஆக, சுவரில் என் படம், இரண்டு விளக்கு, ஆஸ்பத்திரியில் 'சுகமில்லை', வீட்டில் 'கதைக்க ஏலாது'. இவ்வளவுக்குப் பிறகும் என்னை உயிரோடு இருப்பதாக நினைப்பவர் இருந்தால் அவர்தான் பைத்தியக்காரர். ரீற்றா மிஸ்ஸும் அந்தப் போஸ்டரைக் கண்டவதான். 'டொக்டர் சைவமுறைப்படி செய்திருக்கிறார் போல' என்று நினைத்தாவாம்.

லீவு முடிந்து, காய்ச்சல் விட்டு, வாய்க்கு மாஸ்க்கும் கழுத்துக்குச் சால்வையுமாக நான் வேலைக்கு வெளிக்கிட்டேன். பாலம் தாண்டி பஸ்ஸால் இறங்கி ஓட்டோ பிடித்தேன். ஓட்டோக்காரர் ஒரு முஸ்லிம் அண்ணன், அந்தப் பக்கத்தில் 'நானா' என்பார்கள். வழியில் சாவுக்குக் கட்டுகிற வெள்ளைக் கொடிகள் பறந்தன.

"ஆர் நானா செத்தது?" என்றேன். குரல் பழைய கதவு திறக்கிற மாதிரி வந்தது.

"ஆஸ்பத்திரி டொக்டர். சின்ன வயசு. நீங்க வெளியூரா?"

அங்கே என்னோடு வேலை செய்தவர் இன்னும் ஒருவர்தான், பொறுப்பு டொக்டர். அவருக்குச் சின்ன வயதில்லை.

"என்ன நடந்தது?"

"தடிமன் காய்ச்சல் வந்திரிக்கி. அன்டிபயோட்டிக் எடுக்கமாட்டன் எண்டு அடம் புடிச்சிரிக்காரு. முடிஞ்சி. கையெழுத்து வெச்சிட்டுத்தான் மவுத்தானாராம். அந்தா, பாருங்க."

மீன் சந்தைச் சுவரோரம் ஓட்டோவை நிறுத்திக் காட்டினார். கறுப்புக் கரைக்குள், இரண்டு விளக்குக்கு நடுவில், அழகான தலைமயிரோடு நான். 'எனக்கே வந்தாலும் எடுக்கமாட்டேன். இது உறுதி.' பார்க்கப் பார்க்க எனக்கே சந்தேகம் வந்தது.

"மூணு மாசம்தான் வேல செஞ்சிரிக்காரு பாவம்" என்றார் நானா. "ஆரம்பம், நிறைவு எல்லாம் போட்டிரிக்கி."

நிறைவுத் திகதி வர இன்னும் நாள் இருப்பதை அவர் கவனிக்கவில்லை. யாரும் கவனிக்கவில்லை. நான் அப்போதே மாஸ்க்கைக் கழற்றி, நான்தான் அது என்று சொல்லியிருக்கவேண்டும். ஆனால் மனிதப் புத்தி கேடுகெட்டது. எனக்கு வேறொன்றைக் கேட்க ஆசை வந்தது.

"டொக்டர் எப்பிடி ஆள்?"

"நல்ல மனிசன்" என்றார். எனக்குக் கண் கலங்கியது. "ஆனா மருந்து தரமாட்டாரு. எண்ட மகளுக்கு இருமல் எண்டு கொண்டு போனன். தண்ணி குடிக்கச் சொன்னாரு. தண்ணி வீட்டில இல்லயா? தண்ணி குடிக்க ஓட்டோவ உட்டுட்டு லைன்ல நிக்கணுமா?" கண்ணீர் வந்த வழியே திரும்பிப் போனது. "போஸ்டரக் கண்ட அண்டைக்கே எண்ட பொஞ்சாதி அலுமாரிக்குள்ள கெடந்த கப்சூல் எல்லாத்தையும் எடுத்து வீட்டில எல்லாருக்கும் குடுத்திட்டா. எனக்கும் தந்தா. வருத்தம் ஒண்டும் இல்ல, ஆனா டொக்டருக்கே இந்தக் கெதி எண்டா நாம எம்மாத்திரம்?"

நான் வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது. நானா கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"நீங்களும் நேரத்தோட மருந்து எடுங்க தம்பி" என்றார்.

ஆஸ்பத்திரிக் கேற்றிலும் வெள்ளைக் கொடி. மீனவர் சங்கத்தார் கட்டியது. ஓபிடிக் கொட்டிலில் நான் உயிரோடு இருந்த காலத்தில் வந்ததைவிடக் கூடச் சனம். என்னுடைய கதிரையை வெளியே கொண்டுவந்து, அதில் போஸ்டரைச் சாய்த்து, மாலை போட்டிருந்தார்கள். பக்கத்தில் டிஸ்பென்சரி ஐயா வெள்ளை நாஷனல் உடுப்போடு நின்று பேசிக்கொண்டிருந்தார். நான் கூட்டத்தின் பின்பக்கம் நின்று கேட்டேன்.

"கொள்கைக்காக உயிரைக் குடுத்த பிள்ளை" என்றார். குரல் தழுதழுத்தது. நல்ல நடிப்பு. "நான் அப்பவே சொன்னனான், தம்பி, புத்தகத்தில இருக்கிறது வேற, எங்கட சனத்தின்ர உடம்பு வேற எண்டு. கேட்டாரோ? ஒரேயொரு கப்சூல் போட்டிருந்தால் இண்டைக்கு இந்தக் கதிரையில இருந்திருப்பார். போனது போகட்டும். இனி உங்களுக்கு ஒரு இருமல் தும்மல் எண்டாலும் யோசிக்காதேங்கோ. என்ர கதவு திறந்துதான் இருக்கு."

சனம் தலையாட்டியது. அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதுபோல் தலையாட்டியது. எனக்கு உச்சந்தலை கொதித்தது. ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் போய் மாஸ்க்கைக் கழற்றினேன்.

ஒரு பெண் அலறினா. பிறகு எல்லாரும் அலறினார்கள். ஒருவர் கையில் இருந்த மலர்வளையத்தை என்மேல் எறிந்துவிட்டு ஓடினார். இன்னொருவர் குனிந்து என் கால் நிலத்தில் படுகிறதா என்று பார்த்தார். "நான் சாகேல்லை! எனக்குத் தடிமன்!" என்று கத்தினேன். அடைத்த தொண்டையில் இருந்து வந்த அந்தச் சத்தம் செத்தவனுடையது என்றுதான் யாரும் நினைப்பார்கள். உள்ளே வார்டில் வேலையாக இருந்த ரீற்றா மிஸ் சத்தம் கேட்டு ஓடிவந்து என் கையைப் பிடித்து, "சூடாத்தான் இருக்கு, உயிரோடதான் இருக்கிறார்" என்று ஊருக்கு அறிவித்தபோதுதான் சத்தம் அடங்கியது.

சந்தோசப்படுவார்கள் என்று நினைத்தேன். கொட்டிலில் ஒருவித ஏமாற்றம் பரவியது.

"அப்ப ஏன் போஸ்டர் அடிச்சனீங்கள்?" என்றார் மீனவர் சங்கத் தலைவர், கோபமாக. "நாங்கள் கடலுக்குப் போகாமல் நிக்கிறம்."

நான் விளங்கப்படுத்தினேன். இது உறுதிமொழி, வெளிநாடுகளில் இப்படிச் செய்வார்கள், எனக்கு வந்தது வெறும் வைரஸ், ஒரு குளிசையும் எடுக்காமல் தானே மாறிவிட்டது, பாருங்கள், இதைத்தான் நான் உங்களுக்கு இவ்வளவு நாளும் சொன்னேன் என்றேன். உள்ளுக்குள் ஒரு நப்பாசை. செத்துப் பிழைத்ததால் கொள்கைக்கு இதைவிட நல்ல விளம்பரம் வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன்.

அப்போதுதான் பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது. யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. கண்டால் விடமாட்டேன்.

"ஒளிச்சு எடுத்திருப்பார்."

அவ்வளவுதான். அது வாயிலிருந்து வாய்க்குப் போனதை என் கண்ணால் பார்த்தேன். முகங்கள் தெளிந்தன. எல்லாருக்கும் எல்லாம் விளங்கிவிட்டது. டொக்டர் செத்தது அன்டிபயோட்டிக் எடுக்காததால். டொக்டர் பிழைத்தது அன்டிபயோட்டிக் எடுத்ததால். நான் செத்தாலும் கப்சூலுக்குத்தான் வெற்றி, உயிரோடு வந்தாலும் கப்சூலுக்குத்தான் வெற்றி. டிஸ்பென்சரி ஐயா என்னைக் கட்டிப்பிடித்து முதுகில் தட்டினார்.

"நல்லகாலம் தம்பி, கடைசி நேரத்தில எண்டாலும் புத்தி வந்திட்டுது!"

சனம் கைதட்டியது. என் கழுத்தில், என் படத்துக்குப் போட்ட மாலையையே கழற்றிப் போட்டார்கள்.

அந்தக் கைதட்டலுக்குள் ஹாஜராவைக் கண்டேன். பாஹிமின் கையைப் பிடித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றா. அழுது கண் வீங்கியிருந்தது. எனக்காக அந்த ஊரில் உண்மையாக அழுத ஒரே ஆள் அவதான் என்று நினைக்கிறேன்.

"எங்கட ஆக்களுக்குப் போஸ்டர் ஒட்டுறல்ல டொக்டர். ஒங்கட ஆக்களுக்குத்தானே ஒட்டுற. அதான் நம்பிட்டன்" என்றா. பிறகு குரலைத் தாழ்த்தி, "உண்மையச் சொல்லுங்க. நீங்க மருந்து எடுத்தீங்களா?"

"இல்லை. சத்தியமா இல்லை."

என் கழுத்து மாலையைப் பார்த்தா. தோளில் கிடந்த டிஸ்பென்சரி ஐயாவின் கையைப் பார்த்தா. சுற்றிவரச் சிரித்துக்கொண்டு நின்ற சனத்தைப் பார்த்தா. ஒரு ஊர் ஒரு பக்கமும், குரல் அடைத்த ஒரு டொக்டர் மறுபக்கமும் நின்றால் ஒரு தாய் யாரை நம்புவாள்? நானென்றால் என்னை நம்பியிருக்கமாட்டேன்.

"நீங்க உசிரோட இரிக்கிறது சந்தோசம்" என்றா. "ஆனா புள்ளையோட நான் வெளையாட ஏலாது டொக்டர்."

பாஹிமைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனா. அவன் கையில் ஏற்கெனவே டிஸ்பென்சரிக் கடதாசிப் பை ஒன்று இருந்தது. உள்ளே கப்சூல்கள் கிலுங்க, அவன் அதை ஆட்டி விளையாடிக்கொண்டு போனான்.

பிறகு நான் எவ்வளவு கத்தியும் பயனில்லை. துண்டு எழுதாவிட்டால், "நீங்கள் மட்டும் எடுப்பீங்கள், எங்களுக்குத் தரமாட்டீங்களோ?" என்று சண்டைக்கு வந்தார்கள். மூன்று மாதத் திட்டம் முடிந்தபோது அந்தப் பகுதியில் அன்டிபயோட்டிக் போகிற வேகம் முன்னையதைவிடக் கூடியிருந்தது. பொறுப்பு டொக்டர் என்னைக் கூப்பிட்டு, "இனிமேல் உயிரோட இருக்கிற ஆக்களின்ர படத்தை ஒட்டாதேங்கோ" என்று புத்தி சொன்னார். பிறகு நல்ல மனதோடு டவுணுக்கு இடமாற்றம் வாங்கித் தந்தார்.

வீட்டில் அது இன்றுவரை பகிடி. செய்தி கேட்டுத் தம்பலகாமத்தில் இருந்து ஒரு ட்ரக்டர் நிறைய ஒப்பாரியோடு பின்னேரம் வாசலில் வந்து இறங்கிய சுகந்தியின் சொந்தக்காரர், அதே நேரம் நான் வேலையால் திரும்பிவந்து கேற்றைத் திறந்ததைக் கண்டு பட்ட பாட்டை ஒவ்வொரு கலியாணவீட்டிலும் நடித்துக் காட்டுவார்கள். என்னைப் புதியவர்களுக்கு 'செத்த மாப்பிள்ளை' என்றுதான் அறிமுகப்படுத்துவார்கள். நான் தும்மினால் சுகந்தி குசினிக்குள் இருந்து, "போஸ்டருக்குச் சொல்லட்டோ?" என்று கேட்பாள். மிஞ்சிய பிரதி ஒன்றை அலுமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறாள். எப்படியும் ஒருநாள் தேவைப்படுமாம். தலைமயிர் அவ்வளவு அழகாக இனி வராதாம். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

போன வருடம் டவுண் ஆஸ்பத்திரி வார்டில், நெடுவலாக வளர்ந்த ஒரு பையன் கட்டிலில் படுத்திருந்தான். கிண்ணியாவில் கால்பந்து விளையாடுகிறவன். மைதானத்தில் வெறுங்காலில் கண்ணாடித் துண்டு ஏறியிருக்கிறது. வீட்டில் கப்சூலை உடைத்துத் தூள் போட்டார்கள். டிஸ்பென்சரியில் ஒரு மருந்து, பாமசியில் இன்னொன்று. கால் வீங்கிக் கறுத்த பிறகுதான் எங்களிடம் வந்தான். கிருமியை வளர்த்துப் பரிசோதித்தார்கள். வழமையான மருந்து ஒன்றும் அதற்குக் கேட்காது என்று வந்தது. கடைசியாகக் கைவசம் வைத்திருக்கிற பெரிய மருந்தை நரம்பால் ஏற்றினோம். கால் தப்பியது. இரண்டு விரல் தப்பவில்லை. அண்டைக்குத் தின்ற கப்சூலால்தான் இது வந்தது என்று எந்த டொக்டராலும் சத்தியம் பண்ண ஏலாது. என்னாலும் ஏலாது.

கட்டிலின் தலைமாட்டில் ஹாஜரா இருந்தா. நான் முன்னமே அடையாளம் கண்டுவிட்டேன். அவ என்னைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பாஹிம்தான் முதலில் கேட்டான், "உம்மா, இவரா அந்த மவுத்தான டொக்டர்?" என்று. அவனும் அந்தப் பகிடியைக் கேட்டு வளர்ந்தவன்தான். சிரித்தான். தாய் சிரிக்கவில்லை. கட்டுப்போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தா.

"நீங்க அண்டைக்குப் பொய் சொல்லல்ல டொக்டர்" என்றா.

அந்த ஊரில் யாராவது ஒருவர் இதைச் சொல்லவேண்டும் என்று இத்தனை வருடமாகக் காத்திருந்தேன். அந்தக் காலைப் பார்த்துக்கொண்டு கேட்டபோது, அவ என்னைப் பொய்யன் என்றே கடைசிவரை நம்பியிருக்கலாமே என்று இருந்தது.